கலைவேந்தன் பேரில் நான் சொன்னது

17 அக்டோபர் 2024, வியாழன்

நாற்பத்தாறு. டெஸ்ட் மேட்சில் நம்ம டீம் மொத்தமும் சேர்ந்து நாற்பத்தாறு ரன். அதுவும் வெளியூரில் இல்லை, நம்ம பெங்களூரில். அஞ்சு பேர் முட்டை. டிவியை நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். மனசு ஆறவில்லை.

கலைவேந்தன் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன், டீமில் ரொம்ப நாளாக ஆடுகிற அந்த ரெண்டு பெரியவனுங்களையும் வீட்டுக்கு அனுப்பணும் என்று. பேர் இருந்தால் போதுமா? ரன் யார் அடிப்பது? என் மகன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, பெரிய ஆட்டக்காரங்கம்மா, திரும்பி வருவாங்க என்றான்.

26 அக்டோபர், சனி

பூனாவிலும் போச்சு. நம்ம மண்ணில் பன்னிரண்டு வருஷம் யாரிடமும் தொடரை விட்டதில்லை. விட்டாச்சு.

3 நவம்பர், ஞாயிறு

மூன்றுக்கு மூன்றும் தோல்வி. அடிக்க வேண்டியது நூற்று நாற்பத்தேழு. அடித்தது நூற்று இருபத்தொன்று. எனக்கு இந்த ஜென்மத்தில் மறக்காது.

சாயங்காலம் ரேஷன் கடையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. தீபாவளிக்கு மறுநாள் நடந்த ஊர் மேட்சில் கலைவேந்தன் கைக்கு வந்த கேட்சை விட்டானாம். "கலை அண்ணனுக்கும் இனிமே ரெஸ்ட்டு குடுக்கணும்பா" என்றான் ஒரு பையன். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். யார் பெற்ற பிள்ளை என்று எனக்குத் தெரியும். எழுதி வைக்கத் தேவையில்லை.

என் மகனுக்கு நாற்பத்தொன்று. குருவிநத்தம் டீமுக்குப் பதினேழு வருஷமாக அவன்தான் கேப்டன். அந்தப் பெரியவனுங்களும் இவனும் ஒன்றா? அவனுங்களைப் பார்த்துக்கொள்ள நூறு பேர் இருக்கிறார்கள். இவன் கம்பெனியில் நின்றுகொண்டே எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்து ஆடுகிறவன்.

17 நவம்பர், ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டீம் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். கலைவேந்தன் இல்லை. "ஆயா, கிட் பை எடுத்துனு போவ வந்தோம். பொங்கல் டோர்னமெண்டுக்கு நவீன்தான் கேப்டன்" என்றார்கள்.

எங்கள் ஊரில் கேப்டன் யாரோ அவர் வீட்டில்தான் பை இருக்கும். ஆயுத பூஜைக்கு பேட்டு, ஸ்டம்பு எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில்தான் பொட்டு வைத்துப் படைப்பார்கள். பதினேழு ஆயுத பூஜை என் கையால் பொரி, சுண்டல் வைத்துப் படைத்தேன். போன மாசம்கூட.

நவீன் என்றால் நவீன்குமார். செல்வகுமாரி மகன்.

செல்வகுமாரி! 2003, மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் கலர் டிவி அவள் வீட்டில்தான் இருந்தது. அவள் புருஷன் குவைத்தில் இருந்தான். எங்கள் வீட்டுக்காரர் இறந்து அன்றைக்கு அறுபத்தெட்டாம் நாள். எனக்குப் போக மனசில்லை. கலைவேந்தன்தான், அப்போது இருபது வயசு, வாம்மா, மனசு மாறும் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனான். உலகக் கோப்பை பைனல். ஆஸ்திரேலியாக்காரன் முன்னூற்று ஐம்பத்தொன்பது அடித்திருந்தான். நம்மவர்கள் இறங்குகிற நேரத்துக்கு நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். முதல் ஓவரிலேயே பெரிய விக்கெட் போச்சு. அவள் இரண்டு வயசு நவீனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவே கேட்க, "இன்னா நேரத்துல யாரு வந்து குந்துனாங்கன்னு பாருங்க" என்றாள். எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறியதில்லை.

அந்த வீட்டுக்கா நான் படைத்த பை போகும்?

பையன்களிடம் சொன்னேன்: "என் மவன் சொல்லிட்டான். அவன் உசுரோட இருக்கற வரிக்கும் பை இந்த வூட்ட வுட்டு வெளிய வராதாம். நீங்கள்லாம் அவன் கத்துக் குடுத்து ஆடுனவனுங்களாம். சாப்ட்ட தட்டுல கை கழுவறானுங்களாம்."

என் மகன் அப்படிச் சொல்லவே இல்லை. நானே சொன்னேன். பையன்கள் முகம் சுண்டிப் போனது. பையை என் கட்டிலுக்கு அடியில், நெல் மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

25 நவம்பர், திங்கள்

ஆஸ்திரேலியாவில் முதல் டெஸ்ட் ஜெயித்துவிட்டோம். பார்த்தாயா, நான் செய்ததில் தப்பில்லை என்று தோன்றியது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

3 டிசம்பர், செவ்வாய்

புயல் போய்விட்டது என்று நினைத்தால், சாத்தனூர் அணையைத் திறந்து பெண்ணையாறு ஊருக்குள் வந்துவிட்டது. நேற்று வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மருமகள் சரண்யா அரிசி மூட்டையைத் தூக்க என்னைக் கூப்பிடுகிறாள், நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பையை இழுத்துக்கொண்டிருக்கிறேன். அரிசி நனைந்து போச்சு. பை நனையவில்லை.

கலைவேந்தன் பார்த்துவிட்டான். "இது இன்னும் இங்கதான் இருக்குதா? நான்தான பசங்கள எடுத்துனு போவச் சொன்னேன்" என்றான்.

எதற்குச் சொன்னாய் என்று கேட்டேன்.

"பந்து வர்றது தெரியுதும்மா. கை போவ மாட்டுது. நவீன நான்தான் கேப்டனா நிக்கச் சொன்னேன். அவன் வேணாம்னு தான் சொன்னான்."

என் இடுப்பு உயரம் இருக்கிற பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றேன். பசங்க வரவே இல்லடா என்றேன். இன்னொரு பொய்.

22 டிசம்பர், ஞாயிறு

பையன்கள் புது பேட்டு, புது ஸ்டம்பு எல்லாம் வாங்கிவிட்டார்கள். மைதானத்தில் சேறு காய்ந்து ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. கலைவேந்தன் போய் நின்றிருக்கிறான். ஒருத்தனும் முகம் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தும் எடுத்துவிட்டார்களாம். சரண்யாதான் சொன்னாள்.

வந்து வாசலில் உட்கார்ந்தான். "பதினேழு வருசம்மா. நானே வுட்டுக் குடுத்துட்டேன். அப்புறமும் இன்னாத்துக்கு இப்டி?" என்றான். எனக்குத் தெரியும் எதற்கு என்று. தோசை ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஆறு தோசை வைத்தேன். ஒன்று சாப்பிட்டான்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

சிட்னியிலும் தோற்றாச்சு. மூன்றுக்கு ஒன்று. எட்டு வருஷமாக நம்மிடம் இருந்த கோப்பை போச்சு. பெரியவர் ஒருவர் இந்தக் கடைசி மேட்சில் தானாகவே வெளியே உட்கார்ந்துவிட்டார். டிவியில் அவர் முகத்தைக் காட்டும்போதெல்லாம் கலைவேந்தன் வேறு பக்கம் பார்த்தான்.

என் மகனும் இப்படித் தானாகத்தான் விலகினான். அவன் பேரை நான்தான் கெடுத்து வைத்திருக்கிறேன். விலகின பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவன் என்று ஊர் நினைக்கிறது. உண்மையைச் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? செல்வகுமாரி மேல் இருக்கிற கோபத்தை எவன் தலையில் கொட்டினேன்?

10 ஜனவரி, வெள்ளி

போனேன். பையை நானே செல்வகுமாரி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தெரு முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.

நவீன்குமார் இருந்தான், இன்னும் மூன்று பையன்கள் இருந்தார்கள். உட்காராமலே சொன்னேன். அன்றைக்குச் சொன்னதெல்லாம் என் பேச்சு, என் மகன் பேச்சு இல்லை, அவன் உங்களைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை என்று. நவீன் தலை குனிந்து, "அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும் ஆயா, கேக்காம வுட்டுட்டோம்" என்றான். அவன் ஏன் குனிய வேண்டும்?

செல்வகுமாரி அடுப்படியிலிருந்து வந்தாள். நான் எதற்கு அப்படிச் செய்தேன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் தெரிந்திருந்தது.

"அன்னிக்கு டிவி பாக்கறப்ப சொன்னேங்க்கா. சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நீ வரவே இல்ல. அப்பவுந்தான தோத்துனே இருந்தானுங்க" என்றாள்.

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. காப்பி கொடுத்தாள். குடித்தேன். மன்னிக்கவில்லை. காப்பி குடித்தேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கலைவேந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். "எம் பேர்லயாம்மா சொன்ன?" என்று மட்டும் கேட்டான். எழுந்து போய்விட்டான்.

16 ஜனவரி, வியாழன்

காணும் பொங்கல். பனித்திட்டு டீமிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டோம். பையன்கள் கலைவேந்தனை வீட்டுக்கு வந்து அழைத்துப் போனார்கள், அம்பயர் நிற்கச் சொல்லி. தோற்றது எனக்குச் சரண்யா சொல்லித்தான் தெரியும். அவன் வந்து ஸ்கோர்கூடச் சொல்லவில்லை.

9 மார்ச், ஞாயிறு

சாம்பியன்ஸ் கோப்பை ஜெயித்தோம். தெருவில் வெடி. கலைவேந்தன் பின்கட்டில் செல்போனில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்த்தான். நான் இங்கே டிவியில் தனியாகப் பார்த்தேன். ஒரே மேட்ச், ஒரே வீடு.

மாத்திரை வாங்கி வருகிறான், சாப்பிட்டியா என்று கேட்கிறான். கிரிக்கெட்டைப் பற்றி மட்டும் என்னிடம் பேசுவதில்லை.

12 மே, திங்கள்

போன வாரம் ஒருவர், இன்று இன்னொருவர். இரண்டு பெரியவர்களும் டெஸ்ட் ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். போகணும் என்று சொன்னவள் நான்தான். போய்விட்டார்கள். சோறு இறங்கவில்லை.

24 ஜூன், செவ்வாய்

இங்கிலாந்தில் எல்லாம் சின்னப் பையன்கள். அஞ்சு செஞ்சுரி அடித்தும் தோற்றார்கள். கேட்ச் கேட்சாக விட்டார்கள். திட்ட வாய் எடுத்தேன், வரவில்லை. கற்றுக்கொள்கிறவன் கை நழுவத்தான் செய்யும். இதை யாரிடம் சொல்வது?

14 ஜூலை, திங்கள்

இருபத்திரண்டு ரன்னில் போச்சு. பத்தாவது, பதினோராவது ஆள்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள்! பின்கட்டில் "ச்சை" என்று அவன் குரல் கேட்டது. இங்கே நானும் அதே நேரத்தில் சொன்னேன். சுவர்தான் நடுவில்.

4 ஆகஸ்ட், திங்கள்

கடைசி டெஸ்ட்டின் கடைசி நாள். அவர்களுக்கு முப்பத்தைந்து ரன் வேண்டும், நமக்கு நாலு விக்கெட். மூன்றரை மணிக்கு உட்கார்ந்தேன். முதல் இரண்டு பந்தும் பவுண்டரி. முடிந்தது என்று எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். எழவில்லை.

ஒரு விக்கெட். அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒன்பதாவது. தோள் கழன்றவன் ஒருத்தன் ஒரு கையைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு இறங்கி வந்தான். எதிரியாக இருந்தாலும் பாவமாக இருந்தது.

அப்போது பின்கட்டுக் கதவு சத்தம். கலைவேந்தன் வந்து என் பின்னால் நின்றான். நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவானோ என்று பயம். இவனும் ரொம்ப நேரம் நின்றான்.

"கொஞ்சம் நவுரும்மா" என்றான்.

பாயில் நகர்ந்தேன்.

ஸ்டம்பு பறந்தது. ஆறு ரன்னில் ஜெயித்தோம், தொடர் இரண்டுக்கு இரண்டு. அவன் கத்தவில்லை, நானும் கத்தவில்லை. பரிசெல்லாம் கொடுத்து முடிகிற வரைக்கும் ரெண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. மாடு கத்திக்கொண்டே இருந்தது.