கடலில் இல்லாத அம்புகள்

மார்ச் 9, சனிக்கிழமை

நேற்றுப் பள்ளிச் சுற்றுலாவில் கண்டக்குழிக் கடலில் இழுபட்ட என் வகுப்புப் பிள்ளை ரிஸ்னாவை இன்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வள்ளத்திலிருந்து ஒருவர் குதித்துப் பிடித்திராவிட்டால், அதை எழுத வேண்டாம்.

வண்ணாத்திவில்லுப் பிள்ளைகளுக்குக் கடல் பழக்கமில்லை. அதனால்தான் சுற்றுலாவுக்கு முன், ஆளைக் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தைப் பற்றிய அசைபடம் ஒன்றை வகுப்பில் போட்டேன். இழுக்கும் இடத்தில் பெரிய சிவப்பு அம்புகள் ஓடும். எல்லாரும் "விளங்கிச்சு டீச்சர்" என்றார்கள்.

"ஏன் புள்ள அந்த இடத்தில இறங்கின?"

"அங்கதான் டீச்சர் அலையே இல்ல. சிவப்பா ஏதும் ஓடுதா என்டும் பாத்தேன். ஒன்டும் ஓடல்ல."

அவளுடைய உம்மா கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி தந்தார். "படம் காட்டியும் இவட மண்டையில ஏறல்ல. நீங்க மனச உட்றாதீங்க டீச்சர்." மண்டையில் ஏறித்தான் இருந்தன, அந்தச் சிவப்பு அம்புகள்.

சற்றுமுன் அந்தப் படத்தைத் திரும்பப் போட்டு, அம்புகளை விரலால் மறைத்துப் பார்த்தேன். உடைந்து விழும் அலைகளுக்கு நடுவே அந்த இடம் மட்டும் எங்கள் ஊர்க் குளம் போல அமைதியாகக் கிடந்தது. என்னைக் கேட்டிருந்தால், நானும் அங்கேதான் இறங்கச் சொல்லியிருப்பேன்.