வரவேணாம்னு சொன்னவ மேல ஒரு பிராது

விருத்தாசலம்,
செவ்வாக்கெழம.

வரவேணாம்னு சொல்றதுக்கு நீ யாருன்னு கேக்குறேன் பிரியா, அந்த ருவாண்டா நாட்டுக்கு நீதான் கலெக்டரா? போன பாதியில கட் பண்ணிட்ட, கடுதாசிய எப்படி கட் பண்ணுவ பாக்குறேன். நான் சொல்லச் சொல்ல ஒங்க அம்மா எழுதுறா, முடிஞ்சதும் போட்டோ புடிச்சு அனுப்புவா. அவளும் ஒங் கட்சிதான், மொகத்த தூக்கி வெச்சிகிட்டே எழுதுறா. நானும் நெஞ்சுல வெச்ச ஸ்டென்ட்டும் சௌக்கியம், ஒங்க அம்மா என்கூட சண்ட போடுற அளவுக்கு சௌக்கியம், நீயும் மாப்ள குருமூர்த்தியும் வயித்துப் புள்ளையும் அதே மாதிரி இருக்கணும்.

பேறுகாலத்துக்கு அம்மா மட்டும் வந்தா போதும், நீ இருக்குற கிகாலி ஊரு மேடும் பள்ளமுமா இருக்கும், அப்பா ஒடம்புக்கு ஆவாதுன்ன. நேத்து டாக்டர் தர்மராஜ்கிட்ட போயி நின்னேன். மெதுவா நடங்க, மாத்திரைய பெரிய பெட்டியில போடாம கைப்பையில சீட்டோட வெச்சுக்கங்க, தாராளமா போயிட்டு வாங்கன்னுட்டாரு. பிளாஸ்டிக் கவர் கொண்டாந்தா ஏர்போர்ட்லயே புடுங்கிக்குவாங்கன்னு பயமுறுத்துற. நாப்பது வருசம் பீங்கான் கம்பெனியில சூளையும் பாத்து சரக்கும் கட்டுனவன்கிட்ட கவரப் பத்தி பேசுறியா? நார்த்தங்கா ஊறுகாய ஜாடியில போட்டு, வாயத் துணியால கட்டி, சுத்தி வைக்கோல் திணிச்சு அட்டப்பெட்டியில எறக்கிட்டேன். மாட்டையும் கூட்டிட்டு வந்தீங்களான்னு ஆபீசருங்க கேப்பாங்கன்னு ஒங்க அம்மா சிரிக்கிறா. சரி, வைக்கோலு ஆவாதுன்னா என் பழைய வேட்டி இருக்குது, அதுக்கு எந்த நாட்டுச் சட்டம் குறுக்க வரும்? அங்க வண்டியெல்லாம் வலது பக்கமா ஓடும், ரோட்ட தாண்டத் தெரியாதுங்குற. நம்ம ஜங்ஷன் ரோட்டுல எந்தப் பக்கம்னு பாத்தா தாண்டுறோம், நாலு பக்கமும் பாத்துதானே தாண்டுறோம். பைக் டாக்சியில பின்னாடி உக்காந்தாலும் ஹெல்மெட்டு போடணுமாம், போட்டுட்டுப் போறேன், வழுக்க மறையும். மாசக் கடேசி சனிக்கெழம காலையில ஊரே தெருவ சுத்தம் பண்ணும், கடையெல்லாம் சாத்தியிருக்கும், அன்னைக்கு வந்து எறங்காதீங்கன்ன. அன்னைக்குத்தான் எறங்குவேன். நானும் ஒரு தொடப்பத்தப் புடிச்சா ஒந் தெருவுல ஒன்னவிட எனக்குத்தான் பழக்கம் ஜாஸ்தியாவும்.

நெசத்த சொல்லிடுறேன். நீ பொறந்தப்ப சூளையில நெருப்பு போட்டிருந்துச்சு, பாதியில விட்டா உள்ள இருக்குற சரக்கு பூரா பாழு. மூணாம் நாளுதான் வந்து ஒன்ன பாத்தேன். அதுக்குள்ள தெருவே ஒன்ன தூக்கி முடிச்சாச்சு, நான் கைய நீட்டுனா யாருடா இவன்ங்குற மாதிரி கத்துன. ஒம் புள்ளகிட்டயும் அப்படி ஒரு பேச்சு வாங்க நான் தயாரா இல்ல.

தாயி வேற புள்ள வேறன்னு நல்லபடியா ஆவணும், பழமலைநாதர் பாத்துக்குவாரு. மாடிப்படி பாத்து எறங்கு, கனத்த தூக்காத. முக்கியமான சமாச்சாரம், மறந்துடாத. மாப்ளகிட்ட ரெண்டு டிக்கெட்டா போடச் சொல்லு. ஏன்னா போன வெள்ளிக்கெழம மணவாளநல்லூருக்குப் போயி கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிகிட்ட ஒம் மேல பிராது எழுதி, சீட்ட வேல்ல கட்டிட்டேன். நெலத்த ஏமாந்தவன், நகைய திருட்டுக் குடுத்தவன் கட்டுற எடத்துல, பெத்த அப்பன பொண்ணு வரவேணாம்ங்குறான்னு நான் கட்டியிருக்கேன். சாமி மூணு மாசத்துல தீத்து வெப்பாரு, ஆனா பேறுகாலத்துக்கு ரெண்டே மாசந்தான் இருக்குதுன்னு அதுலயே எழுதிட்டேன். மொத எதிரி சண்முகப்ரியா, கிகாலி வெலாசத்தோட. ரெண்டாவது எதிரி அம்சவல்லி, புருசன் பேரு கொளஞ்சிநாதன், அவரு இல்லாம தனியா போறேன்னு

இனிமே என் கையெழுத்து, கோணலாத்தான் இருக்கும். பேனாவ போட்டுட்டு எந்திரிச்சிட்டா ஒங்க அம்மா. கட்டுன பொண்டாட்டிய சாமிகிட்டயே மாட்டிவுட்டீங்களா, ஒங்க பாஸ்போர்ட்ட எங்க வெச்சுத் தொலச்சீங்கன்னு கத்திகிட்டே உள்ள போறா. இன்னும் சொல்ல வேண்டியது இருக்குதுடின்னேன், காதுல வாங்கல. பீரோவ உருட்டுற சத்தம் கேக்குது.

வந்தே தீருவேன்,
ஒங்கப்பன்
கொளஞ்சிநாதன்