ஜெபக்குறிப்பில் வராத பெயர்கள்

காலையில் பிரியாணிக்காகக் கிராம்பு டப்பாவைத் திறந்தேன். மூடியை எடுத்ததும் நீ வந்து நின்றாய். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில், ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு, படப்பையிலிருந்து ஒரகடம் வரை நான் பேசுவதையெல்லாம் கேட்டபடி வருவாயே, அந்த வாசனை. உண்மையைச் சொல்கிறேன், உன் மேல் எனக்குப் பொறாமை. நீ போய்ச்சேர்ந்தும் அது போகவில்லை.

புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்பார்கள். நான் எல்லார் கஷ்டத்தையும் பேரோடு சொல்வேன். யார் வீட்டில் குடி, யார் வீட்டில் சண்டை. ஆண்டவருக்கு விவரமாகச் சொல்ல வேண்டாமா? நீயோ, "ஒரு குடும்பத்துக்காக ஜெபிங்க, பேரு அவருக்குத் தெரியும்" என்று முடித்துவிடுவாய். எது அந்தக் குடும்பம் என்று எங்களுக்கு மண்டை காயும்.

பாஸ்டர் பைபிளில் யாக்கோபு நிருபத்தை எடுத்து, நாக்கு சின்னதுதான், காட்டையே கொளுத்திவிடும் என்று பிரசங்கித்த ஞாயிறு, பாதி சபை என்னைத் திரும்பிப் பார்த்தது. உன்னை யாரும் பார்க்கவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அதெல்லாம் கிடக்கட்டும். என் மகள் விஷயம்தான் ஆறவில்லை. அவளுக்கு வந்த வரன் தட்டிப்போனதும், புதன்கிழமை எழுந்து ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். பெற்ற வயிறு, சொல்லாமல் இருக்குமா? அவளும் நம் கம்பெனியில்தானே வேலை, மறுநாள் லைனிலேயே நாலு பேர் அவளை நிறுத்தி ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து அவள் நேராக உன் வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து எதுவானாலும் உன்னிடம்தான்.

"எம்மவ இன்னாடி சொன்னா?" என்று உன்னைத் துளைத்தேன்.

"தெனம் கம்பெனி கேட்டாண்ட வரும்போது, என் வாய்க்கும் ஒரு வாட்ச்மேனை வையி ஆண்டவரேன்னு கேட்டுக்கினு கீறேன். நீ அந்த வாட்ச்மேனையே கரெக்ட் பண்ணப் பாக்கறியே" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்திருந்தது.

உன் அடக்க ஆராதனையில், உன் சொந்தக்காரர்களைவிட அதிகமாக அழுதவள் என் மகள். அன்றைக்கும் உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், பெட்டிக்குள் கிடந்தவளைப் பார்த்து.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேள்வி தொண்டை வரை வரும், விழுங்கிக்கொள்வேன். புதன்கிழமைகளில் அவள் பேரை எடுப்பதேயில்லை. கூட்டத்தில் எனக்கு உடம்பு சரியில்லையோ என்றுகூட விசாரித்தார்கள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். சொன்னாள். முழுக்கச் சொன்னாள். மாவிலிருந்து கையை எடுக்காமல் கேட்டேன்.

அது நீ போன பிறகு நடந்த விஷயம், உனக்குத் தெரியாது. என்னவென்று கேட்க இப்போது உனக்குத் துடிக்கும். சொல்ல மாட்டேன், போடி.