தனசேகரன் நீட்டிய இரண்டு சிட்டம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
21-8-1973

சௌபாக்கியவதி கிருஷ்ணவேணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் திடமாக இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க ஏகாம்பரநாதர் துணை. வரி கோணியிருந்தால் பேனாவைத் திட்டு, என்னைத் திட்டாதே. உன் அம்மா முந்திக்கொண்டு எழுதுவதற்குள் என் வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். ஆடிக் கடைசி வெள்ளியன்று அம்மன் கோயில் கூட்டத்தில், உன் அம்மா என்று நினைத்து, சாயக்காரன் தனசேகரன் பெண்சாதி நீலாம்பாளின் கையைப் பிடித்து, வாடி வீட்டுக்குப் போகலாம் என்று இழுத்துவிட்டேன். அவள் போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரனே மூச்சை விழுங்கிவிட்டான். நீலாம்பாள் உன் அம்மாவில் பாதிகூட இருக்கமாட்டாள், அதில் உன் அம்மாவுக்குக் கோபமா சந்தோஷமா தெரியவில்லை, அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

அந்த வஞ்சத்தைத் தனசேகரன் நூலில் தீர்த்துக்கொண்டான். தறியில் இருந்த கலியாணப் புடவைக்கு அரக்குக் கரை. ஒரு முழம் அரக்காகவும் அடுத்த முழம் கத்தரிப்பூவாகவும் வந்து நிற்கிறது. பார்க்க வந்த முதலாளி, கண்ண இன்னா பொடனியிலயாய்யா வச்சிக்கினு நெய்யறே என்று கேட்டுவிட்டார். நான் நேரே தனசேகரன் வாசலில் போய் நின்று, நூலை மாற்றிக் கொடுத்த திருடா என்று தெருவே கேட்க வைதேன். அவன் உள்ளே போய் சாயம் போட்ட பட்டு நூல் சிட்டம் இரண்டு கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டி, எது அரக்கு எது கத்தரிப்பூ, சொல்லு நாயினா பாக்கலாம் என்றான். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, இது அரக்கு, இது கத்தரிப்பூ என்று அடித்துச் சொன்னேன். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். வாயாடி நீலாம்பாள்கூட முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தனசேகரன் என் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டுப் போனான், பயம்!

இதெல்லாம் தெரியாமல், பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் என் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்று நீ எழுதுகிறாய். விழிக்காதே போ. இங்கே என் கண்ணைப் பார்த்த டாக்டர் லட்சணம் எனக்கல்லவா தெரியும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஒரு நாள் முழுக்கக் குருடாக்கி உட்காரவைத்துவிட்டு, சர்க்கரை வியாதியால் கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, இடது கண் போனது போனதுதான், வலது கண்ணையாவது வியாழக்கிழமை பட்டணம் போய்க் காட்டு என்கிறார். உனக்கு மட்டும் இல்லப்பா, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உலகம் பூரா லட்சக்கணக்கான பேர் கண்ணைத் தின்னுக்கினு இருக்குது என்று ஆறுதல் வேறு. அத்தனை பேர் கண்ணைத் தின்றும் பசி அடங்கவில்லையா, பிள்ளையார்பாளையத்து ஆதிகேசவன் கண்ணும் தொட்டுக்கொள்ள வேண்டுமா? கண் தெரியாதவன் எவனாவது நிறத்தை ஒரே நொடியில் சொல்வானா? வியாழக்கிழமை நான் தறியில்தான் இருப்பேன். மாப்பிள்ளையை அனுப்பினால் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.

குழந்தையை மழையில் விடாதே. உன் தாலியும் உன் வாயும் நீண்ட நாள் இருக்கட்டும், வாய் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
இரண்டு கண்ணும் உள்ள உன் அப்பா,
கே. ஆதிகேசவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் அம்மா வாயைத் திறந்தாள். தனசேகரன் நீட்டிய இரண்டுமே அரக்காம்.