வெயிலில் காய்ந்த மருந்து

கோவில்பட்டி,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புத் தங்கை செண்பகவல்லிக்கு,

அண்ணன் லிங்கராஜ் எழுதுவது. நானும் உன் மதினி பிரேமாவும் நலம். மழை ஓய்ந்து தீப்பெட்டி ஆபீசில் வேலை மும்முரமாக நடக்கிறது. மேகாலயாக் குளிரில் உன் தலைவலி இப்போது எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆராய்ச்சிக்காகக் குகைத் தண்ணீருக்குள் கண்ணில்லாத மீனைத் தேடிப் போன இடத்தில் தலை வெடிக்கிற மாதிரி வலித்து, மூச்சு இரைத்து, மாற்றுச் சிலிண்டரில் மூச்சு விட்டுத் தப்பி வந்திருக்கிறாய். விட்ட மூச்சைச் சுத்தம் செய்கிற மருந்து காய்ந்து போயிருந்ததுதான் காரணம் என்றாய். "எங்க மருந்தப் பாத்துக்கிற அந்த ப்ரியதர்ஷினிப் பிள்ள டிரம்ம ஒழுங்கா மூடல அண்ணே. அவள வேலைய விட்டு அனுப்பச் சொல்லி எழுதப் போறேன்" என்றாய். நான் "சரி தாயி" என்று போனை வைத்துவிட்டேன்.

மருந்தைக் காயவைத்தது அவள் இல்லை, நான்.

ஐப்பசியில் நீ லீவுக்கு வந்து நம் தோட்டக் கிணற்றில் முங்கி அந்த மூச்சுக் கருவியைச் சோதித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "ஒரு குமிழியக்கூடக் காணோமே, பிள்ளைக்கு என்னாச்சோ" என்று பிரேமா அழுது ஊரைக் கூட்டினாள். விட்ட மூச்சே திரும்பச் சுற்றி வரும், அதனால் குமிழி வராது என்று மேலே வந்து சிரித்தாய். மறுநாள் நீ கழுகுமலைக்குப் போயிருந்தபோது நீ கொண்டு வந்திருந்த மருந்து டிரம்முக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெள்ளை மணியெல்லாம் ஈரம். எங்கள் தொழிலில் ஈரம் பட்ட மருந்து குப்பைக்குத்தான் போகும். மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது என்று நினைத்து, குச்சி காயப்போடும் தார்ப்பாயில் பரப்பி, நல்ல வெயிலில் சாயங்காலம் வரை கிளறிக் கிளறிக் காயவைத்தேன். திரும்ப அள்ளிப் போட்டு மூடியபோது உனக்குப் பெரிய உதவி செய்துவிட்ட பெருமை வேறு. நீ டிரம்மோடு ரயிலுக்குப் பறந்ததில் சொல்ல மறந்தேன். அந்த ஈரம் இருந்தால்தான் மருந்து வேலை செய்யும் என்பது ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லித்தான் தெரியும்.

அறியாமல் செய்ததை நீ மன்னிப்பாய். ஆனால் பழி அந்தப் பிள்ளை மேல் விழுந்ததும் எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உன்னையும் கொல்லப் பார்த்துவிட்டு, யார் பெற்ற பிள்ளையின் பிழைப்பிலோ மண்ணைப் போட இருந்தேன்.

மிச்ச மருந்தை அன்றைக்கே கொட்டிவிட்டேன் என்றாயே, அந்த மட்டும் ஆறுதல். இந்தக் கடிதத்தை உன் அதிகாரிகளிடம் காட்டு. முதலில் ப்ரியதர்ஷினிக்கு வாசித்துக் காட்டு. யார் என்ன கேட்டாலும் நானே வந்து பதில் சொல்கிறேன்.

உனக்குப் பேர் தந்த நம் ஊர் செண்பகவல்லி அம்மன் உன் மூச்சுக்குத் துணை இருக்கட்டும். அடுத்த முறை வரும்போதும் டிரம்மை நம் வீட்டில்தான் வைக்க வேண்டும். அறையைப் பூட்டிச் சாவியை நீயே வைத்துக்கொள். வராமல் மட்டும் இருந்துவிடாதே, தாயி.

உன் அண்ணன்,
லிங்கராஜ்