விதைமூட்டைக்கு ஜுரம் பார்த்தது

ஆனி 7, ஞாயிறு

ஆய்வகத்தில் சூடு மாறாமல் வைக்கும் இன்குபேட்டர் பழுது. முட்டை வெள்ளைக்கருவில் தங்க உப்பு கலந்த இரண்டு பாட்டில்களோடு குத்தாலம் வீட்டுக்கே வந்துவிட்டேன். மனித உடம்புச் சூட்டில் ஓர் இரவு இருந்தால் கலவை புறஊதா ஒளியில் சிவப்பாக ஒளிர வேண்டும். பிறகு அதை வைத்து உயிருள்ள செல்களைப் படம் எடுக்கலாம்.

நேற்று மாலை, அப்பா முளைகட்டி வைத்திருந்த விதைநெல் மூட்டையில் கை வைத்தேன். கதகதப்பாக இருந்தது. ஒரு பாட்டிலை உள்ளே செருகினேன்.

"மருந்து கொட்டிச்சுன்னா நாத்தங்காலுக்கு வெத இல்ல, பாத்துக்க" என்றார் அப்பா.

காலையில் புறஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன். மாதுளை முத்துப் போலச் சிவப்பு. தானும் அடித்துப் பார்க்க வாங்கிய அப்பா டார்ச்சைத் திருப்பித் தரவே இல்லை.

பேராசிரியையிடம் போனில் சொன்னேன். சிரித்தார். "சூடு எவ்வளவுன்னு அளந்தியாம்மா?" என்றார். அளக்கவில்லை. அளக்காவிட்டால் செல்லாதாம். மூட்டையைப் பார்க்க ஓடினேன். அதற்குள் விதையை நாற்றங்காலில் தெளித்துவிட்டிருந்தார்கள். நாள் முழுக்க அதே உறுத்தல்.

சாயங்காலம் அப்பாவே வந்தார். "எதிர்வீட்டு மாமா வெத இன்னும் மூட்டையிலதான் இருக்கு. சொல்லிட்டேன். அந்த இன்னொரு பாட்டில எடு."

அம்மாவின் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டோம். மாமா மூட்டையை அவிழ்த்தார். பாட்டிலையும் தெர்மாமீட்டரையும் செருகினேன். சற்று நேரம் கழித்து அப்பா தெர்மாமீட்டரை உருவி, கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார்.

"தொண்ணூத்தெட்டரை. ஜுரமெல்லாம் இல்லம்மா."