தெரிவிப்போம், தெரிவிக்கப்படும்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் எங்கள் வயதுக்கு நன்றாகவே இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக, குறையொன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறோம். அம்மாவின் கையில் தோல் உரிவது நின்றுவிட்டது, ஆனால் தண்ணீர் பிடித்ததும் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிற பழக்கம்தான் நிற்கவில்லை. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாமே என்பாய். தொலைபேசியில் எனக்கு வாய் குழறும், தாளில் என்றால் அடித்துத் திருத்தலாம். இந்தக் கடிதத்தையே மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.

போன வருடம் சோப்புத் திரவத் தொழிற்சாலையில் தொட்டி கசிந்து, அது கலந்த கிணற்றுத் தண்ணீரையே தெரு முழுக்கப் பதினொரு நாள் குடித்தோம். பன்னிரண்டாம் நாள் தொழிற்சாலை கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள், 'கசிவு கண்டறியப்பட்டுள்ளது' என்று. அதற்குப் பிறகுதான் நீ அங்கே அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அறிக்கைகள் எழுதும் வேலைக்குச் சேர்ந்தாய். உள்ளே இருந்துதாம்ப்பா மாத்த முடியும் என்றாய். சரிம்மா என்றேனே தவிர, அவர்கள் உன்னை மாற்றிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்கவில்லை. இப்போது இங்கே எல்லாம் புதுசு. பழைய மேலாளர் போய்விட்டார், மதில் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியட்டுமாம். பகலில் எட்டிப் பார்த்தால் என் வழுக்கைதான் தெரிகிறது. தெருவிலிருந்து மூன்று பேரைச் சேர்த்து ஒரு குழுவும் அமைத்தார்கள். தையல்காரர், மருந்துக்கடை அம்மா, நான். நான் எதற்கென்றால், அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் புரூஃப் பார்த்தவன், அவர்கள் வெளியிடப்போகும் உறுதிமொழிப் புத்தகத்தில் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். மக்கள் தொடர்பு அதிகாரி என்று ஒரு பிள்ளை வருகிறான். பளபளவென்று காலணி, யாரைப் பார்த்தாலும் அப்பா, அம்மாதான். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. தப்பாகவும் இருக்கலாம், நல்ல பிள்ளையாகவே இருக்கலாம்.

முதல் புரூஃபைப் படித்தபோது, சொன்னால் சிரிப்பாய், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பதாம் பக்கத்தில், 'தொட்டியில் கசிவு ஏற்பட்டால் நாங்கள், ஆறு மணி நேரத்துக்குள் தெருக்காரர்களுக்கு நேரில் வந்து தெரிவிப்போம்' என்று இருந்தது. கம்பெனிக்காரன் எவன் தெருக்காரர்கள் என்று எழுதுவான்? அதைவிட அந்த 'நாங்கள்' என்பதற்குப் பின்னால் வேண்டாத ஒரு கால்புள்ளி. நீ ஆறாம் வகுப்பில் எழுதிய கட்டுரையிலிருந்து நான் சுழித்துச் சுழித்து அலுத்துப்போன கால்புள்ளி. அதைத் திருத்த மனம் வராமல் அப்படியே விட்டேன். என் வேலையில் தெரிந்தே நான் விட்ட பிழை அது ஒன்றுதான். அம்மாவிடம் காட்டினேன். உங்க பொண்ணு எழுதினா நிஜமாயிடுமா, அடுத்த தடவை கசியட்டும், பாப்போம் என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை இரண்டாம் புரூஃப் வந்தது. அதே ஒன்பதாம் பக்கம். 'கசிவு ஏற்படின் சம்பந்தப்பட்டவர்களுக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும்.' ஆறு மணி நேரம் போயிற்று, நேரில் வருவதும் போயிற்று, தெருக்காரர்களும் போய்விட்டார்கள். எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்தியது அந்த முடிவுதான். தெரிவிப்போம் என்றால் யார் என்று கேட்க ஆள் இருக்கிறது, தெரிவிக்கப்படும் என்றால் யாரைப் போய்க் கேட்பது? புத்தகத்தின் மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். 'நாங்கள்' வருகிற இடங்களிலெல்லாம் அந்தக் கால்புள்ளி இருக்கிறது. புதிதாகச் சேர்த்த முன்னுரையிலும் இருக்கிறது. அப்படியானால் இந்த இரண்டாவதும் உன் கை வழியாகத்தானே வந்திருக்கிறது? அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது சொல்லி மாற்றினாயா, கேட்காமலே மாற்றினாயா, உனக்குத் தெரியாமல் மாறிற்றா என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தோன்றுகிறது. இதே தொழிற்சாலையின் நோட்டீஸ்கள் எங்கள் அச்சகத்துக்கு வந்த காலத்தில், ஆவன செய்யப்படும், பரிசீலிக்கப்படும் என்று எத்தனை எத்தனை படும்களை நான் ஒற்றெழுத்து மட்டும் பார்த்து அனுப்பியிருப்பேன். பொருள் என் வேலையில்லை என்று இருந்துவிட்டேன்.

நேற்று குழு கூடியது. கடைசிப் பக்கத்தில், 'தெருவின் சார்பில் படித்து ஏற்றோம்' என்று போட்டு எங்கள் மூவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். இரண்டு புரூஃபையும் படித்துப் பார்த்த தையல்காரர், தம்பி, அளவு எடுத்தது ஒரு ஆளுக்கு, தைச்சது வேற ஆளுக்கா என்றார். அந்த அதிகாரிப் பிள்ளை சிரித்துக்கொண்டே, மேலிடத்துல முடிவானதுங்க, அப்பா எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடுத்தா போதும் என்றான். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒன்பதாம் பக்கத்து வரியை முழுதாக அடித்து, ஓரத்தில் பழைய வரியை எழுதினேன். இது எழுத்துப் பிழை இல்லையேப்பா என்றான். எழுத்துப் பிழைதான் என்றேன். எந்த எழுத்து என்றான். ஓ என்றேன், 'போம்'ல இருக்கற ஓ, அது விட்டுப்போச்சு. மருந்துக்கடை அம்மா பக்கென்று சிரித்துவிட்டார். அந்த வரி திரும்ப வந்தா எனக்கு ஆள் அனுப்புங்க, கடையைப் பூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடறேன் என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நாங்களும் எழுந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். செய்தது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. வக்கீல்கள் சொல்லி மாற்றியிருக்கலாம், எனக்குச் சட்டம் தெரியாது.

அந்தத் தாள் இந்த வாரம் உன் மேஜைக்கு வரும் என்று நினைக்கிறேன். சிவப்பு மையைப் பார்த்ததும் யார் கை என்று உனக்குத் தெரிந்துவிடும். அப்பா எழுதியதாயிற்றே என்று அதை வைத்துக்கொள்ளவும் வேண்டாம், வேலை போய்விடும் என்று பயந்து அழிக்கவும் வேண்டாம். உனக்கு எது சரியோ அதைச் செய். உன் வேலைக்கு என்னால் ஆபத்து வந்தால் நான் தாங்கமாட்டேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஆனாலும் 'படும்' என்று திரும்பி வந்தால் என் கையெழுத்து அதில் இருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரத் தலையோடு வெளியே போகாதே. அம்மா உன் பழைய அறைக்குப் புதுத் திரை போட்டிருக்கிறாள், வந்தால் படுத்துக்கொள்ள ஆகும் என்று. எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. பதில் எழுத மறக்காதே. கால்புள்ளியை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள், இந்த முறை திருத்தமாட்டேன். அந்த வரியை யார் மாற்றியது என்று மட்டும் எழுது. மாற்றப்பட்டது என்று எழுதாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்
அப்பா